ஹான்ஸ் அணிந்து முதல் பந்தயம்: பரிசோதனையைக் கடந்த கதை

கிளப் அளவிலான கார் பந்தயத்தில் முதன்முறையாகப் பெயர் கொடுத்ததும் கையில் வந்த விதிப்புத்தகத்தில் பாதிக்கு மேல் பாதுகாப்புச் சாதனங்கள்தான். ஹெல்மெட்டுக்கு, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் 8859, தீ தாங்கும் உடைக்கு 8856, பெல்ட்டுக்கு 8853, கழுத்துக்கான ஹான்ஸுக்கு 8858. ஒவ்வொன்றுக்கும் ஒரு தர எண், ஒரு லேபிள். மற்றவற்றை ஓரளவு அறிந்திருந்தேன். ஹான்ஸ் மட்டும் எனக்குப் புதிது.

தோளில் உட்காரும் கார்பன் ஃபைபர் காலர் அது. முன்பக்கத்து இரண்டு கால்களும் மார்பின் மேல் இறங்கும், அவற்றின் மேல் தோள் பெல்ட் ஏறும். காலரின் பின்புறத்திலிருந்து இரண்டு பட்டைகள் வந்து ஹெல்மெட்டின் இருபக்கமும் கொளுவிக்கொள்ளும். கார் சுவரில் நேருக்கு நேர் மோதினால் உடம்பை பெல்ட் பிடித்து நிறுத்திவிடும். தலைக்கு அப்படி ஒரு பிடிப்பு இல்லை. ஹெல்மெட்டின் எடையும் சேர்ந்து முன்னால் பாய, கழுத்து இழுபட்டு மண்டையோட்டின் அடிப்பகுதி உடைகிறது. தலையின் அந்தப் பாய்ச்சலை பெல்ட்டுக்குக் கடத்துவதுதான் ஹான்ஸின் வேலை.

இதற்குப் பின்னால் இருப்பவர் ஜிம் டௌனிங், அமெரிக்காவின் இம்சா கார் பந்தயத் தொடரில் பட்டங்கள் வென்ற ஓட்டுநர். 1981-இல் அவருடைய நண்பர் பாட்ரிக் ஜாக்மார், மிட்-ஒஹாயோ தடத்தில் நடந்த விபத்தில் இதே மாதிரி மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து இறந்தார். டௌனிங் போய் நின்றது தன் மைத்துனர் ராபர்ட் ஹப்பர்டிடம். அவர் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உயிர் இயந்திரவியல் பேராசிரியர். இருவரும் சேர்ந்து 80-களில் முதல் மாதிரிகளைச் செய்தார்கள். டௌனிங் அதைத் தானே மாட்டிக்கொண்டு பந்தயங்களில் ஓட்டினார். என்னை அதிகம் கவர்ந்தது இதுதான். ஆய்வகத்தில் மோதல் சோதனைப் பொம்மையின் கழுத்துக்குப் பொருந்துவது வேறு, வளைவில் கண்ணாடியைப் பார்க்கத் தலையைத் திருப்பும் ஓட்டுநருக்குப் பொருந்துவது வேறு.

ஆனாலும் பெரும்பாலான ஓட்டுநர்கள் பல வருடம் அதைத் தொடவே இல்லை. பெரிதாக இருக்கிறது, அசைய விடாது என்றார்கள். 2001 பிப்ரவரியில் டேடோனா பந்தயத்தில், கடைசிச் சுற்றில் நாஸ்கார் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் இறந்தார். அந்த வருட இறுதிக்குள் அமெரிக்கக் கார் பந்தய அமைப்பான நாஸ்கார், ஹான்ஸ் போன்ற தலை-கழுத்துத் தாங்கியைக் கட்டாயமாக்கியது. ஃபார்முலா ஒன்னில் 2003-இலிருந்து கட்டாயம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஹான்ஸ் வாங்கும்போது கழுத்தளவு மட்டும் போதாது, இருக்கையின் சாய்வும் தெரிய வேண்டும். நிமிர்ந்து உட்காரும் சலூன் கார்களுக்கு 20 டிகிரி, சாய்ந்து படுக்கும் ஃபார்முலா கார்களுக்கு 30 டிகிரி. என்னுடையது சலூன். முதலில் போட்டுப் பார்த்தபோது காறையெலும்பில் அழுத்தி வலித்தது. அடியில் மெல்லிய மெத்தைப் பட்டை வைத்ததும் அது அடங்கியது. அப்புறம் பெல்ட் இறுக்கும் வரிசையைப் பழகினேன். இடுப்புப் பட்டை முதலில், வயிற்றின் மேல் ஏறாமல் இடுப்பெலும்பில் தாழ்வாக. தோள் பெல்ட் கடைசியில். இடுப்பு தளர்ந்திருந்தால் தோளை இழுக்கும்போது மொத்தமும் மேலேறிவிடும்.

உடை விஷயம் சீக்கிரமே முடிந்தது. தீ தாங்கும் உடைக்கான நோமெக்ஸ் துணி உருகாது, கரிந்து தடிக்கும். அதனால் உள்ளே நைலான் பனியன் கூடவே கூடாது, அது உருகித் தோலில் ஒட்டும். பெயரைத் தைப்பதென்றால் வெளி அடுக்கில் மட்டும், தீ தாங்கும் நூலால். இந்தத் துணியைப் பந்தயத்துக்குப் பரவலாகக் கொண்டுவந்த பில் சிம்ப்சனும் ஓட்டுநர்தான். தன் உடையின் மேல் நம்பிக்கை வர, அதைப் போட்டுக்கொண்டே தனக்குத் தீ வைத்துக் காட்டியவர். 1974-இல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்திலும் ஓட்டினார்.

பந்தயத்துக்கு முன் காரையும் சாதனங்களையும் சரிபார்க்கும் பரிசோதனை நாளில் அதிகாரி லேபிள்களைத்தான் முதலில் பார்த்தார். ஹெல்மெட்டுக்குள் விரல் விட்டுத் துணியை விலக்கி எண்ணைப் படித்தார். பெல்ட்டில் அச்சிட்ட காலாவதி வருடத்தையும் பார்த்தார். அங்கே தடங்கல். நான் வாடகைக்கு எடுத்த காரில் தோள் பெல்ட்டின் பின் நங்கூரங்கள் அகலமாகப் பொருத்தப்பட்டிருந்தன. மோதலின்போது பெல்ட் ஹான்ஸை விட்டு வழுக்கிவிடலாம் என்று காரை நிராகரித்துவிட்டார். அணியினர் முணுமுணுத்தார்கள், எனக்கோ அவர் மேல் மரியாதைதான் கூடியது. பெல்ட் சரியான இடத்தில் உட்காராத ஹான்ஸ் வெறும் காலர். நங்கூரங்களை நெருக்கிப் பொருத்தி மறுபடி கொண்டுபோனோம், தேறியதற்கான ஸ்டிக்கர் கிடைத்தது.

மிச்சமிருந்தது வெளியேறும் பயிற்சி. ஸ்டியரிங்கைக் கழற்று, பெல்ட்டை விடு, ஜன்னல் வலையைத் தள்ளு, வெளியே வா. ஹான்ஸ் ஹெல்மெட்டோடு கூடவே வரும், அதைக் கழற்ற நேரம் செலவிடக் கூடாது. இருக்கையின் பக்கச் சிறகில் காலர் சிக்குவதுதான் தொல்லை. உடம்பை முன்னால் இழுத்துக் கொஞ்சம் திரும்பினால் விடுபடும். கண்ணை மூடிக்கொண்டும் இதைச் செய்தேன். 2020-இல் பஹ்ரைனில் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ரோமன் க்ரோஜான், விபத்துக்குப் பின் அரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைந்த நேரம் தீக்குள் இருந்து தானே ஏறி வந்ததைப் பார்த்தவர்களுக்கு, அங்கே ஹெல்மெட், ஹான்ஸ், பெல்ட், உடை, தலைக்கு மேலிருந்த பாதுகாப்பு வளையமான ஹேலோ எல்லாமே ஒரே நேரத்தில் வேலை செய்தது தெரியும்.

புதிதாக வருகிறவர்கள் ஹான்ஸை வாங்கும் முன் ஓட்டப்போகும் காரிலேயே உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். தோள் பெல்ட் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்பதையும் அப்போதே பாருங்கள், பரிசோதனை நாள் வரை விட வேண்டாம்.