கையெழுத்துப் போட்டுத் தர்றேன் சார்

"எது நடந்தாலும் நானே பொறுப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன் சார்." எங்கள் ஆஸ்பத்திரியின் பழைய ஸ்கேன் மெஷினைத் தனக்குத் தரச் சொல்லி அந்தக் கால்நடை டாக்டர் இப்படிக் கேட்டபோது, வயிற்றில் வைத்துப் பார்க்கும் அதன் ப்ரோப் அவர் கையில் இருந்தது. அதில் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்த ஜெல்லை நகத்தால் சுரண்டிக்கொண்டே பேசினார். நான் முடியாது என்றேன். இரண்டு வருஷம் ஆகிறது.

ஆபரேஷன் சமயத்தில் இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டர் ஒன்றையும் அவருக்குக் கொடுத்தோம். அதைக் கொடுக்க நான் தயங்கவே இல்லை. இரவலாகத்தான் கொடுத்தோம். 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 150ஆவது பிரிவுப்படி, சும்மா இரவல் கொடுப்பவர் தனக்குத் தெரிந்த குறையைச் சொல்லிவிட்டால் போதும். வாடகைக்கு விடுபவர்தான் தெரியாத குறைக்கும் பதில் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த குறை ஒன்றுதான். வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி, 'பேட்டரி பத்து நிமிஷம்தான் நிற்கும், கரண்டில் போடவும்' என்று மார்க்கரில் எழுதி அனுப்பினேன்.

ஸ்கேன் அப்படியில்லை. கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994இல் வந்த சட்டம் இருக்கிறதே, அதன் விதிகள் பதிவு இல்லாத யாருக்கும் அந்த மெஷினை விலைக்கும் கொடுக்கக் கூடாது, இலவசமாகவும் கொடுக்கக் கூடாது என்கின்றன. மீறினால் ஆஸ்பத்திரி நடத்துபவர் ஜெயிலுக்குப் போக வேண்டி வரலாம். அவர் எழுதித் தரும் காகிதம் அவருக்கும் எங்களுக்கும் நடுவில்தான் செல்லுபடியாகும். குற்ற வழக்கு என்று வந்தால் அது யாரையும் காப்பாற்றாது. இதையெல்லாம் பொறுமையாகத்தான் சொன்னேன்.

"மாட்டுக்குப் பார்க்கத்தானே சார்? எங்க ஊர்ல எல்லாரும் கிடாரிக் கன்னு பிறக்கணும்னுதான் வேண்டிக்கிறாங்க."

இதற்கு என்ன சொல்வது? அந்தச் சட்டம் தேவையானது. எத்தனையோ பெண் குழந்தைகள் பிறக்காமலே போன நாடு இது. அவரை நம்பலாம். ஆனால் அந்த மெஷின் அவர் கையோடு நிற்குமா? பூட்டு சரியில்லாத ஒரு அறையிலிருந்து ராத்திரி யாராவது தூக்கிக்கொண்டு போனால்? இப்படி நினைக்கும்போது நான் செய்தது சரி என்றுதான் படுகிறது.

அப்புறம் அவர் சொன்ன இன்னொன்று ஞாபகம் வரும். கர்ப்பப்பையில் சீழ் வைத்த நாயை வயிற்றை அமுக்கிப் பார்த்துத்தான் ஆபரேஷனுக்கு எடுக்கிறாராம். ஸ்கேன் இருந்தால் சந்தேகமில்லாமல் தெரியும்.

உண்மையைச் சொன்னால், அவரைப் பதிவு செய்யவைத்துக் கொடுக்க வழி இருக்கிறதா என்று மாவட்ட அதிகாரிக்கு நான் ஒரு கடிதம் போட்டிருக்கலாம். மூன்று வரி போதும். போடவில்லை. கேட்டுப் பார்த்தவன் மாதிரி "சட்டம் இடம் கொடுக்காது" என்றேன். மெஷின் எக்ஸ்சேஞ்சில் கம்பெனிக்கே போய்விட்டது. ரோட்டில் அடிபட்டவரைத் தூக்கிவிடுகிறவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்று ஒரு பாதுகாப்பு இருக்கிறது. நல்ல மனசோடு கருவி கொடுக்கிறவருக்கும் அப்படி ஒன்று இருந்திருந்தால் கடிதம் போட்டிருப்பேனோ? இருந்திருந்தாலும் பயந்திருப்பேன் என்றுதான் சில நாள் தோன்றுகிறது.

போன மாதம் போன் செய்தார். மானிட்டருக்குப் புது பேட்டரி போட்டுவிட்டாராம், பிளாஸ்டரைப் பிரித்துவிடலாமா என்று கேட்டார். பிரித்துவிடுங்கள் என்றேன். ஸ்கேன் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.