ஹெரால்டுக்கு அடியில்

எங்கள் பட்டறைக்கு வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் சேசிஸில், அதாவது அடிச்சட்டத்தில், மேஸ்திரி ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். ஊறின பிஸ்கெட்டில் இறங்குகிற மாதிரி அது உள்ளே போய்விட்டது. மேலே பார்த்தால் வண்டி அம்சமாகத்தான் இருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தன் அப்பா வாங்கின வண்டி என்று கொண்டுவந்து விட்டிருந்தார். “ஒரு பெயின்ட் மட்டும் அடிச்சுக் குடுங்க, போதும்” என்றார். மேஸ்திரி ஒன்றும் பேசவில்லை. ஸ்க்ரூ டிரைவரை உருவி, நுனியில் ஒட்டியிருந்த துருவை ஆசிரியரின் உள்ளங்கையில் தட்டினார்.

ஹெரால்டு நம் ஊர் வண்டி என்று இப்போது பலருக்கும் தெரியாது. இங்கிலாந்தில் டிரையம்ப் கம்பெனி 1959-இல் கொண்டுவந்த கார் அது. 1961 முதல் சென்னையை ஒட்டி, வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் இங்கேயே செய்தார்கள். பாடியும் சேசிஸும் ஒன்றாகவே வரும் கார்களுக்கு மற்ற கம்பெனிகள் மாறிக்கொண்டிருந்த காலம். ஆனால் டிரையம்புக்குப் பாடி செய்து தந்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் தனியாக ஒரு சேசிஸ் போட்டு, பாடியை அங்கங்கே துண்டு துண்டாகச் செய்து, அதன்மேல் போல்ட் போட்டு இறுக்கினார்கள்.

அவர்களுடைய கஷ்டம் எங்களைப் போன்ற பட்டறைக்காரர்களுக்கு வசதியாகிவிட்டது. போல்ட்டைக் கழற்றினால் பாடி தனியாக வந்துவிடும். மட்கார்டோடு சேர்ந்து பானெட் முழுசாக முன்பக்கம் கவிழும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். வில்லங்கம் எல்லாம் அடியில்தான். நடுச் சட்டத்திலிருந்து பக்கவாட்டில் கை நீட்டின மாதிரி போகும் அவுட்ரிகர்களில் சேறும் தண்ணீரும் தங்கும். அதோடு கடற்காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இங்கிலாந்தில் இந்த அவுட்ரிகர்களை இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். கப்பல் கூலி, சுங்க வரி எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும் என்று சொன்னதும் சார் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். சரி, நாமே செய்வோம் என்று முடிவாயிற்று.

பாடியைத் தூக்குவதற்கு முன்னால் கதவு வாசலில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து டேக் (அங்கங்கே பொட்டுப் பொட்டாக வெல்டிங்) அடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தூக்கும்போதே வளைந்துவிடும். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியை வெட்டி, பழைய அவுட்ரிகருக்கு அச்சு எடுத்தோம். துரு தின்ற இடத்தில் அச்சே கிடைக்காது. எதிர்ப் பக்கத்துத் துண்டைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். அப்புறம் 16 கேஜ் கனத்தில் இரும்பு ஷீட்டை வெட்டி, பெண்டிங் கடையில் மடித்து வாங்கிவந்தோம்.

தப்பு நடந்தது அதற்குப் பிறகு. டேக் அடித்து நிறுத்தி, முன் இடது மூலையிலிருந்து பின் வலது மூலைக்கும், முன் வலதிலிருந்து பின் இடதுக்கும் குறுக்களவு பிடித்தோம். இரண்டும் ஒன்றாக வந்தது. மேஸ்திரி அவர் அக்கா மகள் கல்யாணத்துக்காக ஊருக்குக் கிளம்பினார். “நான் வர்ற வரைக்கும் மேல் வேலையைப் பாரு” என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. இடது பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் வெல்டிங் ஓட்டிவிட்டேன். வரி அவ்வளவு அழகாக விழுந்தது, போட்டோகூட எடுத்தேன்.

மறுநாள் பையன்களை வைத்துப் பாடியை இறக்கினால் ஒரு போல்ட் ஓட்டை சேரவில்லை. அப்போதாவது யோசித்திருக்கலாம். பக்கத்தில் இன்னொரு ஓட்டை போட்டு இறுக்கினேன். கதவைச் சாத்தினால் மேலே சந்தே இல்லை, கீழே கட்டைவிரல் நுழைகிறது. பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவில் இருக்கும் ரப்பருக்கு அடியில் வாஷர் வைத்து ஏற்றிப் பார்த்தேன், கதவுக் கீலை நெம்பிப் பார்த்தேன். கடைசியில் கதவையே தட்டிச் சரிபண்ணிவிடலாம் என்று மரச்சுத்தியைக் கையில் எடுத்த நேரத்தில் மேஸ்திரி வந்து நின்றார்.

அவர் கதவுப் பக்கமே போகவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு நேராக அடியில் படுத்தார். குறுக்களவில் 7 மில்லி வித்தியாசம்.

“ஒரே பக்கமா சூடு குடுத்தா இரும்பு அந்தப் பக்கம் இழுக்கும்டா. உன் அழகு வரி சேசிஸையே இழுத்துட்டு வந்திருக்கு பாரு.”

கிரைண்டர் வைத்து மொத்தத்தையும் வெட்டி எடுத்தேன். இந்தத் தடவை இடதில் இரண்டு அங்குலம், ஆறவிட்டு வலதில் இரண்டு அங்குலம். நடுநடுவே அளவு. நாலு நாள் போயிற்று. அவர் கூலியைப் பிடிக்கவில்லை, ஆனால் அந்த நாலு நாளும் எனக்கு டீ சொல்லவில்லை.

இதற்கிடையில் சார் ஒரு பேப்பர் நறுக்கோடு வந்தார். 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளை வின்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு போட்ட விதி அது. நம்பரில் ‘வி.ஏ.’ எழுத்து வரும், முதல் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜின் இவற்றை மாற்றியிருக்கக் கூடாது. “நீங்க பண்றது மாத்துறதா, ரிப்பேரா?” என்று கேட்டார். அதிகாரி என்ன சொல்வார் என்பது என் கையில் இல்லை. என் கணக்கு இதுதான்: செத்த இரும்பை வெட்டிவிட்டு அதே உருவத்தில், அதே இடத்தில் வைத்தால் ரிப்பேர். பழைய சேசிஸை நீட்டி, புது வண்டி இன்ஜினும் பவர் ஸ்டியரிங்கும் ஏற்றி, மேலே மட்டும் பழைய தோலைப் போர்த்துவது வேறு தொழில். அதையும் செய்து கொடுத்திருக்கிறோம், காசும் அதில்தான் அதிகம். ஆனால் அந்த வண்டிகள் வாசலைத் தாண்டினதும் மறந்துபோகிறது.

சாரின் கேள்வி மனதில் ஓடியதாலோ என்னவோ, வெல்டிங் வரியே தெரியாமல் கிரைண்டர் ஓட்டிச் சமமாக்க ஆரம்பித்தேன். மேஸ்திரி கரண்டை அணைத்துவிட்டார்.

“அடியில யாருக்குடா மேக்கப்? தேய்ச்சா பலம் போயிடும். நாளைக்கு இன்னொருத்தன் கீழே படுத்தா, எங்க வெட்டியிருக்கு, எங்க பழசுன்னு அவனுக்குத் தெரிய வேணாமா?”

மேல் பாடியில் அவர் இதற்கு நேர் எதிர். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, டியூப் லைட் நிழல் கதவில் நெளியாமல் நேராக ஓடுகிறதா என்று குனிந்து பார்ப்பார். கொஞ்சம் நெளிந்தாலும் மறுபடி தட்டச் சொல்வார். பட்டி பூசி மறைக்க மட்டும் விடவே மாட்டார்.

போன மாதம் பிரேக் வேலைக்காக அந்த ஹெரால்டு மறுபடி வந்தது. மேஸ்திரி இப்போது பட்டறைக்கு வருவதில்லை. லைட்டைப் பிடித்துக்கொண்டு நான்தான் அடியில் படுத்தேன். கருப்புப் பெயின்டுக்குக் கீழே இரண்டு அங்குலம், இரண்டு அங்குலமாக வரி அப்படியே இருந்தது. இடது பக்கம் போல்டுக்கு அருகில் பாடியின் தரையில் நான் அவசரத்தில் போட்ட அந்த வெற்று ஓட்டை. அதில் ஏதோ பூச்சி மண்கூடு கட்டியிருந்தது. புதுசாக வந்திருக்கிற பையன் கேட்டான், “இது என்ன ஓட்டைண்ணே, கம்பெனியிலேயே போட்டதா?”