இன்டர்னல் மார்க்கு எல்லாருக்கும் பத்துங்களா?

ப்ளஸ் டூவுல ஒரு பாடத்துக்கு 10 மார்க் இன்டர்னல், அதாவது ஸ்கூல்லயே போடற மார்க், இருக்குதுங்க இல்ல, மொத்த மார்க் 1200ஐ 600 ஆக்கறோம்னு 2017ல அறிவிச்சப்ப கூடவே வந்தது, வருகைக்கு இத்தனை டெஸ்ட்டுக்கு இத்தனை அசைன்மென்ட்டுக்கு இத்தனைன்னு பிரிச்செல்லாம் இருக்குது, ஆனா எனக்குத் தெரிஞ்ச ஸ்டாஃப் ரூம்கள்ல அது கிட்டத்தட்ட எல்லாருக்கும் பத்துதான். யாரு பசங்க மார்க்க கெடுப்பாங்க, நானும் மாட்டேன். ஆனா இதுக்குப் பேரு தொடர் மதிப்பீடுன்னா சிரிப்பு வருதுங்க.

அதுக்கு முன்னால சின்ன வகுப்புகள்ல பாடம் நடக்கறப்பவே செய்யற வேலைக்கு வளரறி 40, பருவக் கடைசிப் பரீட்சைக்கு தொகுத்தறி 60ன்னு வந்துச்சு. நல்ல யோசனைதான். கடைசில பார்த்தா சார்ட்டும் தெர்மாகோலும் வாங்கி ராத்திரி உக்காந்து ஒட்டுனது அம்மாக்கள்தான்.

சரி, நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் ஸ்கூல்ல தினம் தினம் டெஸ்ட் வெக்கறாங்களே அது தொடர்ச்சி இல்லையான்னு ஒரு அப்பா கேட்டாரு. இல்லீங்க. தினம் வெச்சாலும் மார்க் போட்டு அடுத்த பாடத்துக்குப் போயிட்டா அது யூனிட் டெஸ்ட்தான், சின்னதா இருக்குது அவ்வளவுதான்.

போன வாரம் பத்தாவதுல அணுக்களும் மூலக்கூறுகளும் நடத்திட்டிருந்தேன். மோல்ங்கறது டஜன் மாதிரி, அணு மூலக்கூறுகளை எண்ணற ஒரு அளவு. ஒரு மோல்ல எத்தனை இருக்கும்ங்கற அவகாட்ரோ எண், திட்ட வெப்ப அழுத்தத்துல ஒரு மோல் வாயு பிடிக்கற இடமான 22.4 லிட்டர், ஃபார்முலா எல்லாம் கேட்டா தண்ணி பட்ட பாடு. சும்மா ஒரு துண்டு பேப்பர் குடுத்து, டம்ளர்ல ஒரு மோல் தண்ணி ஊத்துனா எவ்வளவு இருக்கும்னு எழுதச் சொன்னேன். பேரு வேண்டாம், மார்க்கும் இல்ல. முக்காவாசி பேரு 22.4 லிட்டர்! நல்லா படிக்கற புள்ளையும்தான். "புக்குல அப்படித்தானுங்க டீச்சர் இருக்குது"ங்கறா. வாயுவுக்கு மட்டும்தான் கண்ணு அந்தக் கணக்குன்னு, அளவு ஜாடில 18 மில்லி ஊத்திக் காமிச்சேன், "இவ்வளவேதானுங்களா"ன்னு எட்டி எட்டி பாக்கறாங்க. யூனிட் டெஸ்ட்ல இதே புள்ளைங்க ஃபார்முலா எழுதி முழு மார்க் வாங்கியிருக்கும், எனக்கும் தெரிஞ்சிருக்காது. மஞ்சள மண்டில எடை போட்டப்புறம் கெழங்கு ஏன் சிறுத்துதுன்னு கேட்டு என்னங்க பண்றது?

பொதுத்தேர்வு வேண்டாம்னு நான் சொல்லல, ஊர் பேரு தெரியாம திருத்தற பேப்பர்லதான் எங்க புள்ளைங்களுக்கு நியாயம் கெடைக்குது. துண்டு பேப்பருக்கு மார்க் போடச் சொல்லாம இருந்தா சரி. இதுக்கும் ரெஜிஸ்டர் எங்கன்னு கேட்டாங்க, இல்லைன்னுட்டேன்.