முளைக்கொட்டு

கண்ணை மூடி உட்கார்ந்து சாமி கும்பிட எனக்கு வந்ததே இல்லை. ரெண்டாவது நிமிஷமே மனசு, கேஸ் புக் பண்ணினோமா என்று ஓடிவிடும்.

எங்கள் ராமநாதபுரம் பக்கம், அம்மனுக்குப் பயறு முளைக்கவிட்டு முளைப்பாரி போட்டால் தினமும் ராத்திரி முளைக்கொட்டு உண்டு; பெண்கள் வட்டமாகச் சுற்றிப் பாடி அடிக்கும் கும்மி. அம்மாச்சிக்கு முழங்கால் வலி. வாசல் தெளிக்கவே முனகுவார். ஆனால் யாராவது பாட்டு எடுத்துவிட்டால் வட்டத்தில் இறங்கிவிடுவார். குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு, அரை அடி நகர்வு. வேர்வையில் திருநீறு கரைந்து புருவம் வரை வழியும். உள்ளே இருட்டறையில், எருப் போட்டு விதைத்த தட்டாம்பயறு வெளிச்சம் படாமல் வெளிர்மஞ்சளாக நீண்டுகொண்டிருக்கும். கொட்டுச் சத்தம் கேட்டால்தான் முளை உசருமாம்.

“என்ன வேண்டிக்கிட்டீக அம்மாச்சி?” என்று ஒருமுறை கேட்டேன்.

“கும்மியடிக்கையில எங்கிட்டு வேண்ட? அடி தப்பிரும்ல.”

போன வாரம் அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்த ராத்திரி, தூக்கம் வரவில்லை. சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, அம்மாச்சி பாட்டை முணுமுணுத்தபடி மெல்லத் தட்டிச் சுற்றினேன். கீழ்வீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ! மூணாவது சுற்றில் அடி தப்பியது. சரி என்று மறுபடி முதலிலிருந்து எடுத்தேன்.