புட்டியில் மண்

செப்டம்பர் 18
பொன்னேரி இறால் குட்டையில் இனி நெல் போடப் போகிறானாம் தம்பி. அந்த மண்ணை மஞ்சள் பையில் வைத்துவிட்டுப் போனான். இறால் பிடித்து, குட்டையை வடித்து மூன்று மாதம் ஆகிறது. இன்னும் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கிறது. ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். அம்மா திட்டினாள்.

செப்டம்பர் 19
பழைய ஹார்லிக்ஸ் புட்டியில் ஒரு பிடி மண் போட்டு, குழாய்த் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஜன்னலில் வைத்தேன். காபி குடித்து முடிப்பதற்குள் மண் அடியில் படிந்து, தண்ணீர் பளிங்காகத் தெளிந்துவிட்டது. நல்ல மண்தான் என்று தம்பிக்குச் செய்தி அனுப்பினேன்.

செப்டம்பர் 24
மழை இல்லை.

செப்டம்பர் 27
கொச்சிப் பக்கம், உப்பு நிலத்தில் நெல்லும் இறாலும் மாற்றி மாற்றி வளர்க்கும் பொக்காளி வயல்களைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவனுக்கு இந்தப் பித்து. அங்கே ஜூன் மழை உப்பைக் கழுவுகிறது, மேடு கட்டி விதைக்கிறார்கள், அக்டோபர் வாக்கில் கதிரை மட்டும் அறுக்கிறார்கள். தாள் தண்ணீரில் மட்கி இறாலுக்கு இரையாகிறது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை இறால். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்களுக்குக் கடல் ஓதம் தினமும் ஏறி இறங்குகிறது, மதகைத் திறந்தால் உப்பு வெளியே போகிறது. நம் பக்கம் பழவேற்காட்டில், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் ஏரி அசையாமல் நிற்கும். நம் வயல் வடிவது எங்கே? மழையும் நமக்கு அக்டோபரில்தான் தொடங்கும். இதைச் சொன்னால், "அக்கா, நீங்கள் தண்டையார்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறீர்கள்" என்கிறான். பொன்னேரி என்ன லண்டனிலா இருக்கிறது?

அக்டோபர் 4
பரிசோதனை முடிவு வந்தது. மண்சாற்றின் மின்கடத்துதிறன், அதாவது உப்பின் அளவு, மீட்டருக்கு 9 டெசிசீமன்ஸ். நெல்லுக்கு 3-ஐத் தாண்டினாலே விளைச்சல் இறங்கும்.

அக்டோபர் 15
மழை! இரவு முழுக்க. மொட்டைமாடியில் அண்டா வைத்தேன்.

அக்டோபர் 16
புட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டு மழைநீர் ஊற்றிக் குலுக்கினேன். தெளிய விட்டு, கொட்டி, மறுபடி. மூன்று முறை. மூன்றாம் முறை தெளிய நேரமாகிறது.

அக்டோபர் 18
தெளியவில்லை. பால் கூடிப்போன டீ மாதிரி நிற்கிறது.

அக்டோபர் 19
வேளாண் துறையில் இருந்து ஓய்வுபெற்ற சித்தப்பாவைக் கேட்டேன். சிரித்தார். உப்பு நிறைய இருக்கும்வரை களிமண் திரண்டு கீழே இறங்குமாம். உப்பைக் கழுவிவிட்டு, மண்ணில் ஒட்டிய சோடியம் மட்டும் தங்கினால், துகள்கள் பிரிந்து மிதக்குமாம். வயலில் இதுவே காய்ந்தால் தளம் போட்டது போல இறுகிவிடும், வேர் இறங்காது. அந்தச் சோடியத்தை விலக்க ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் கட்டி, வடிக்க வேண்டும். வடிக்க வேண்டும்! முகத்துவாரம் எப்படி இருக்கிறது என்று யாரைக் கேட்பது?
"நல்ல மண்தான்" என்று அன்றைக்கு அனுப்பினேனே.

அக்டோபர் 22
நாற்று விட்டுவிட்டானாம். என்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொல்லியிருக்கிறான்.

அக்டோபர் 23
ஜிப்சம் பற்றிச் சொல்ல இரண்டு முறை அழைத்தேன். எடுக்கவில்லை. வயலில் இருப்பான்.

அக்டோபர் 25
மறுபடி மழை. புட்டி இன்னும் கலங்கல்தான். அம்மா அதை அடுப்படி மேடையிலிருந்து எடுக்கச் சொல்கிறாள்.