டர்போ செல்லாது

போன வாரம் ஸ்டோர் ரூமைச் சுத்தம் செய்தபோது பழைய கேம் பெட்டி கிடைத்தது, நிண்டெண்டோவின் பேமிகான் மாதிரியே வேலை செய்யும் தைவான் நகல். இன்றைய டிவியில் அதைச் செருக வழியில்லை. சிங்கப்பூரில் எலக்ட்ரானிக் சாமான் விற்கும் சிம் லிம் ஸ்குவேர் போய் ஒரு கன்வெர்ட்டர் வாங்கி வந்து உயிர் கொடுத்தேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான்.

கேசட்டில் என்னென்னவோ இருந்தும் எனக்கு வேண்டியது கொனாமியின் ‘ட்ராக் அண்ட் ஃபீல்டு’ மட்டும்தான். லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்கு முந்தைய ஆண்டு, 1983-ல், ஆர்கேடுக்கு, அதாவது காசு போட்டு ஆடும் கேம் கடைகளுக்கு, வந்த விளையாட்டு இது. ஜப்பானில் இதற்குப் பெயர் ‘ஹைப்பர் ஒலிம்பிக்’. ஆர்கேடில் 6 போட்டிகள். வீட்டில் ஆடும் நிண்டெண்டோ பதிப்பில் 8, சங்கிலிக் குண்டு எறிதல் போய், மும்முறைத் தாண்டுதலோடு வில்லும் துப்பாக்கியும் வந்துவிட்டன. வில்லும் துப்பாக்கியும் எனக்குப் பிடிக்காது, வேர்க்காத விளையாட்டு என்ன விளையாட்டு?

ஏனென்றால் மற்றதில் பெரும்பாலும் ஒரே வேலைதான், ஓட்டப் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும், வேகமாகத் தட்டத் தட்ட ஆள் வேகமாக ஓடுவான், முழங்கை வரை வலிக்கும். அப்போது ஈசூனில் நாலாவது மாடியில் இருந்தோம். அண்ணன் பொத்தான்கள் உள்ள கேம் பேடைத் தரையில் வைத்துத் தட்டுவான், கீழ்வீட்டு ஆண்ட்டி இரண்டு முறை மேலே வந்து, சம்பல் இடிக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். அப்பாவுக்கு வேறு கவலை. 1968-ல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் சிங்கப்பூர் ஓட்டக்காரர் சி. குணாளன் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடியதைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தவர். அந்தத் தேசியச் சாதனை 2001 வரை, 33 வருஷம், நின்றது. திரையில் எங்கள் ஆள் அதைவிட வேகமாக ஓடி முடித்தால், “குணாளன் பாயில உட்கார்ந்துகிட்டா ஓடினாரு?” என்பார்.

ஜப்பான் ஆர்கேடுகளில் பையன்கள் இரும்பு ஸ்கேலின் ஒரு முனையை அழுத்திப் பிடித்து, மறுமுனையைச் சுண்டிவிட்டு, அது அதிர்கிற அதிர்வில் பொத்தானைத் தட்டுவார்களாம். அண்ணன் இதை எங்கோ கேள்விப்பட்டு வந்து பள்ளி ஸ்கேலில் செய்து பார்த்தான். இரண்டே நாளில் பொத்தான் உள்ளே போய்விட்டது. எங்கள் பேடில் டர்போ பொத்தானும் உண்டு, விரலை வைத்தால் போதும், அதுவே தட்டிக்கொள்ளும். அதைத் தொடக்கூடாது என்பது அண்ணன் போட்ட சட்டம். ஸ்கேல் செல்லும், டர்போ செல்லாது! சிறு வயதில் இது அநியாயமாகப் பட்டது. இப்போது யோசித்தால் அவன் சொன்னது சரிதான், ஸ்கேலைச் சுண்டவும் கை வேண்டும்.

என் மகனுக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது. உட்கார்ந்த அஞ்சாவது நிமிஷம் டர்போவைக் கண்டுபிடித்துவிட்டான். 100 மீட்டரில் நான் பாதி தூரம் வருவதற்குள் அவன் ஆள் எல்லையைத் தாண்டிவிட்டான். “அப்பா, இவ்வளவுதானா?” என்று கேட்டான். மனசு கொஞ்சம் சுருங்கியது உண்மை.

அப்புறம் ஈட்டி வந்தது. அங்கே வேகம் பாதிதான். கோட்டுக்குச் சற்று முன்னால் இன்னொரு பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும், கோணம் ஏறும், 45 டிகிரியை ஒட்டி விட்டுவிட வேண்டும். டர்போவில் ஓடுகிறவனுக்குக் கோடு எப்போது வந்தது என்றே தெரியாது. முதல் முயற்சி ஃபவுல். இரண்டாவதும் ஃபவுல். மூன்றாவதில் பயந்துபோய் முன்னாலேயே அழுத்தி, கோணம் ஏறிக்கொண்டே போக, ஈட்டி செங்குத்தாக மேலே போய்ப் பக்கத்திலேயே விழுந்தது. தகுதி தூரம் வராததால் ஆட்டமே முடிந்தது. நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

இன்று காலை கோப்பிக் கடையில் கோப்பியைத் தூக்கும்போது வலது கை நடுங்கியது. வீட்டில் மகன் தன் இரும்பு ஸ்கேலைக் காணோம் என்று பள்ளிப் பையைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருக்கிறான். என்னிடம்தான் இருக்கிறது.