டச்பேடைப் பிடித்த சனி

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் கதையாக, கடந்த சனிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பில் ஃபர்ம்வேர் (பாகங்களுக்குள்ளேயே பதிந்திருந்து அவற்றை இயக்கும் மென்பொருள்) அப்டேட்டைப் போட்டுத் தொலைத்தேன். மூன்று வாரங்களாகத் திரையின் மூலையில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்த அறிவிப்பின் மீது இரக்கம் வந்ததுதான் காரணம். இரக்கப்பட்டு நான் செய்த காரியம் எதுவும் நன்றாக முடிந்ததில்லை.

அணைக்காதே, சார்ஜரைப் பிடுங்காதே என்று திரை எச்சரித்ததால், அந்தப் பிளக்கின் பக்கம் யாரும் போகக் கூடாது என்று வீட்டில் ஊரடங்கு பிறப்பித்துவிட்டு, பொங்கி வழியப்போகும் பாலுக்குக் காவல் இருப்பவனைப் போல எதிரே உட்கார்ந்திருந்தேன். உள்ளிருக்கும் விசிறி பேய் பிடித்ததுபோல் ஊளையிட்டது. சதவீதம் 47-இல் வந்து நின்று, என் குலதெய்வத்தை இரண்டு முறை கூப்பிட வைத்துவிட்டுத்தான் நகர்ந்தது. ஒருவழியாக எல்லாம் முடிந்து லேப்டாப் எழுந்தது. விசைப்பலகைக்குக் கீழே அம்புக்குறியை நகர்த்துவதற்கென்றே இருக்கும் டச்பேடில் விரலை வைத்து நகர்த்தினேன். திரையின் நடுவே அம்புக்குறி, ஊர் எல்லையில் நிற்கும் அய்யனாரைப் போல அசையாமல் நின்றது.

மறுநாள் முழுவதும் விசைப்பலகையை மட்டும் நம்பி வாழ்ந்தேன். ஒரு பொத்தானை அடைய டேப் விசையைப் பதினெட்டு முறை தட்ட வேண்டும்; பத்தொன்பதாவது முறை தட்டிவிட்டால், திருப்பதி வரிசையில் தவறான கூண்டுக்குள் நுழைந்தவனைப் போல மீண்டும் பின்னால் வர வேண்டும். எண் விசைகளாலேயே அம்புக்குறியை நகர்த்தும் வசதி விண்டோஸில் உண்டு என்று படித்து மகிழ்ந்தேன். அதற்கு வலப்பக்கத்தில் தனி எண் வரிசை வேண்டுமாம். மெலிதாக, அழகாக இருக்கிறது என்று பதினான்கு அங்குல லேப்டாப்பை வாங்கிய எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

பரணில் ஏறித் தேடியதில், கொலு பொம்மைகளுக்கு அடியிலிருந்து பழைய கணினியின் மவுஸ் கிடைத்தது. வயிற்றில் உருண்டை வைத்த மாடல். அதன் முனையில் இருந்ததோ, ஐபிஎம் 1987-இல் கொண்டுவந்த வட்டமான பிளக். பச்சை நிறம் கூட வெளுக்கவில்லை. இந்த லேப்டாப்பில் அது நுழையும் ஓட்டை எதுவும் இல்லை. அடுத்த நவராத்திரிக்குச் செட்டியார் கடையில் எடை போடும் பொம்மையாக அதைப் படியில் வைக்கலாம் என்று மனைவி யோசனை சொன்னாள். தெருமுனைக் கடைக்காரரோ லேப்டாப்பைக் கண்ணால் கூடப் பார்க்காமல், தொலைபேசியிலேயே டச்பேட் செத்துவிட்டதாக அறிவித்து நாலாயிரம் கேட்டார்.

இதற்கிடையில் மைத்துனர் அழைத்து, "ஆஃப் செய்து ஆன் செய்து பார்த்தீர்களா மாமா?" என்றார். நான்கு முறை செய்தாயிற்று என்றேன். அது உண்மையில் ஆஃப் ஆகியிருக்காது என்றார் அவர். விசாரித்ததில் அது சரிதான். விண்டோஸ் 8 வந்த நாளிலிருந்து, 'ஷட் டவுன்' கொடுத்தாலும் இயங்குதளத்தின் உட்பகுதியை அப்படியே வட்டில் எழுதி வைத்துக்கொண்டு, மறுபடி போடும்போது வேகமாக எழுந்துவிடுவதற்காக அது தூங்குவதுபோல் நடிக்கிறது. குளிக்கக்கூடப் போகாமல் "கிளம்பிவிட்டேன், பாதி வழியில் இருக்கிறேன்" என்று சொல்லும் மனிதர்களின் வழக்கம் இது. இதைப் போய் நம் மைத்துனரே எனக்கு விளக்கினார் என்பதுதான் என்னால் தாங்க முடியாதது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்து மெய்யாகவே அணைத்தேன். லேப்டாப்பின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில், டச்பேடின் பெயருக்குப் பக்கத்தில் கோளாறு என்று காட்டிக்கொண்டிருந்த மஞ்சள் முக்கோணம் மட்டும் அணையவில்லை.

திங்கட்கிழமை காலை லேப்டாப்பைத் திறந்தபோது, டச்பேடின் வலது மூலையில் வெள்ளையாக ஒரு தீற்றல் தெரிந்தது. தொட்டு முகர்ந்து பார்த்தேன், விபூதி. ஏற்கெனவே எரிச்சலில் இருந்தவன், இது யார் வேலை என்று வீடு அதிரக் கத்தினேன். அம்மா எதுவும் சொல்லாமல் அடுக்களைக்குள் போய்விட்டார். மகள்தான் பிறகு வந்து என் காதில் சொன்னாள்: "பாட்டி ஈரக்கையோட தொட்டதாலதான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சிட்டு இருக்காங்க அப்பா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க."

டச்பேடின் அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கம்பி வலை ஒன்று இருக்கிறது. விரல் நெருங்கும்போது அந்த வலையின் மின்தேக்கம், அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் திறன், எங்கே மாறுகிறது என்று அளந்துதான் அது விரலைக் கண்டுகொள்கிறது. நகத்தால் தொட்டால் மதிக்காது. ஈரக்கை பட்டால் எது விரல், எது தண்ணீர் என்று தெரியாமல் அம்புக்குறியைக் கண்டபடி துள்ள விடும். போன வருடம் இதையெல்லாம் ஒரு வகுப்பே எடுத்து, பாத்திரம் கழுவிய கையோடு தொடாதீர்கள் என்று அம்மாவிடம் கடுமையாகப் பேசியவன் நான்தான். ஞாயிறு விடியற்காலை வழக்கம்போல் செய்தித்தாள் படிக்க உட்கார்ந்தவர், அம்பு நகரவில்லை என்றதும் தன் கைதான் காரணம் என்று முடிவு செய்து, மூடி வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறார். இரண்டு நாளாக அவர் செய்தி படிக்காததை நான் கவனிக்கவே இல்லை.

அன்றிரவு வைத்தியம் கிடைத்தது. விசைப்பலகை, விசிறி, சார்ஜ் ஏறுவது ஆகியவற்றைக் கவனிக்க உள்ளே தனியாக ஒரு குட்டிச் சில்லு இருக்கிறது. பேட்டரியைக் கழற்ற முடியாதபடி மூடி வைத்துவிட்ட இந்தக் காலத்து லேப்டாப்பில், நாம் அணைத்தாலும் அதற்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். ஒருமுறை குழம்பினால் குழம்பியபடியே விழித்திருக்கும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, அந்தச் சில்லும் ஒருமுறை அணைந்து எழும்படி பவர் பொத்தானை நாற்பது எண்ணும்வரை அழுத்திப் பிடித்தேன். மறுபடி போட்டதும் அம்புக்குறி ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியது. நாலாயிரம் ரூபாய் வேலை.

அம்மாவிடம் போய், உங்கள் கையால் ஒன்றும் ஆகவில்லை, நான் போட்ட அப்டேட்டால் வந்த வினை என்று சொன்னேன். "விபூதி வைத்து ஒரு நாள் முழுதாக ஆகவில்லை, பார்த்தாயா?" என்று பூரித்துப் போனார். குட்டிச் சில்லின் கதையைச் சொல்ல வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன்.

இன்று காலை ஐந்தரைக்கு எழுந்து வந்தபோது, கூடத்தில் லேப்டாப் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார். ஆள்காட்டி விரலை முந்தானையில் ஒருமுறை துடைத்தார். திருப்பிப் பார்த்துவிட்டு, இன்னொருமுறை துடைத்து, வாயால் ஊதினார். பிறகுதான் டச்பேடைத் தொட்டார்.